நன்றியை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது எப்படி: கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் எந்த ஊர்க் கரையில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். யாராவது யாருக்காவது உதவிக்கொண்டே இருப்பார்கள். உதவி வாங்கியவர் வாய் திறந்து நன்றி சொல்வதுதான் காதில் விழாது. வல்லத்தை, அதாவது நாட்டுப்படகை, தள்ளக் குரல் கொடுத்தால் நாலு பேர் வருவார்கள், தள்ளி முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், நாளைக்கு அவர்கள் குரல் கொடுத்தால் நாம் போவோம், கணக்கு சரியாகிவிடும். இதைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் சிலர் நம்மை முரட்டு ஆட்கள் என்று நினைப்பதுண்டு. அது தப்பு. ஐந்து கண்டங்களில் எட்டு மொழி பேசும் மக்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஒருவர் கேட்டதை இன்னொருவர் செய்து கொடுக்கும்போது, வாயால் நன்றி சொல்வது ஏறக்குறைய 20 தடவைக்கு ஒரு தடவைதான் என்று அதில் தெரிந்தது. உப்பு ஜாடியை எடுத்துக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி சொன்னால் எங்கேயும் சிரிக்கத்தான் செய்வார்கள் போல.

ஆனால் உப்பு ஜாடி வேறு, ஒருவர் தன் தூக்கத்தையோ பணத்தையோ மானத்தையோ கொஞ்சம் விட்டுக்கொடுத்து நமக்குச் செய்த காரியம் வேறு. அதையும் நாம் உப்பு ஜாடிக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். "அவருக்குத் தெரியாதா என்ன, நான் நன்றியோடதான் இருக்கேன்னு" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. அதே 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அது கிடைத்தவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவரைக் கணிக்கச் சொன்னார்கள், அப்புறம் கிடைத்தவரிடமே கேட்டார்கள். அவர் இவ்வளவு சந்தோஷப்படுவார் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கவில்லை, அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான் வேண்டாத அளவுக்கு நினைத்திருந்தார்கள். நம் ஊரில் இந்தச் சங்கடக் கணக்கு இன்னும் கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் வாரம்: வாயைத் திறக்கவே வேண்டாம்

முதலில் கண்ணைப் பழக்குங்கள். வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும்தானே, காலையில் நேற்றைய தாளைக் கிழிக்கிறபோது அதைக் கசக்கி எறியாமல் திருப்பிப் போட்டு, நேற்று உங்களுக்கு ஒத்தாசை செய்த ஒருவரின் பெயரையும் அவர் செய்ததையும் ஒரு வரியில் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் மூன்றாம் நாள் எதற்காக எழுதினோம் என்பதே மறந்துவிடும். "பெரியம்மா" என்று எழுதுவது போதாது. "குடிநீர் லாரி வந்தபோது நான் வீட்டில் இல்லை, எதிர்வீட்டுப் பெரியம்மா நம் குடத்தையும் வரிசையில் நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோய் நிரப்பி வைத்தார்" என்று எழுதினால்தான் பின்னால் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

இரண்டு நாளிலேயே ஒன்று புலப்படும்: எப்போதாவது செய்கிறவர்தான் சட்டென்று ஞாபகத்துக்கு வருவார். தினமும் செய்கிறவர் கண்ணில் படவே மாட்டார். வீட்டு ஆட்கள், நாம் காசு கொடுத்து வேலை வாங்குகிறவர்கள், வருஷக்கணக்காக ஒரே காரியத்தைச் செய்துவருகிறவர்கள், இந்த மூன்று கூட்டமும் காலண்டர் தாளில் ஏறாது. அதனால் வாரத்தில் ஒரு தாளையாவது வேண்டுமென்றே இவர்களுக்கு ஒதுக்குங்கள். பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் முங்கி எழும்போது, கூட வந்தவள் மேலே வந்துவிட்டாளா என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதுவும் ஒத்தாசைதான். அதை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள், அவர்களே அது ஒரு உதவி என்று நினைக்க மாட்டார்கள்.

வாரத்துக்கு எத்தனை தாள் என்று கேட்டால், ஏழு தாளையும் நிரப்ப வேண்டியதில்லை. லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் செய்த சோதனையில், தமக்குக் கிடைத்த நல்லதையெல்லாம் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மனநிலை நன்றாகியிருக்கிறது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அது தனியாக உட்கார்ந்து எழுதுவதைப் பற்றியது, ஆளிடம் போய்ச் சொல்வதைப் பற்றியது இல்லை. இருந்தாலும் கடமைக்குச் செய்தால் எதுவும் சலித்துப்போகும் என்பதற்கு அது ஒரு அத்தாட்சி. வாரம் இரண்டு பேருக்குச் சொன்னால் போதும்.

யாரிடம் தொடங்குவது

மனைவியிடம் தொடங்காதீர்கள், அப்பாவிடம் தொடங்கவே தொடங்காதீர்கள். இரண்டும் கஷ்டமான இடம், பின்னால் வருவோம். டீக்கடை அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர், சில்லறை இல்லாதபோது "அப்புறம் கொடுங்க" என்று விடுகிற மளிகைக்கடைக்காரர், நல்ல விளமீனாக ஒன்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு நாம் வருகிற வரைக்கும் வேறு யாருக்கும் காட்டாத மீன்காரம்மா, இப்படித் தினமும் முகம் பார்க்கிற ஆனால் வீட்டுக்குள் வராத ஆட்களிடம் தொடங்குங்கள். சொதப்பினாலும் பெரிய நஷ்டம் இல்லை.

என்ன சொல்வது

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "ரொம்ப தேங்க்ஸ்ணே, பெரிய உதவி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அதை யாரும் யாருக்கும் சொல்லலாம். கேட்டவர் மனசில் தங்காது.

முறை சொல்லிக் கூப்பிடுங்கள், அவர் என்ன செய்தார் என்பதைக் கண்ணால் பார்த்த அளவுக்கு நுணுக்கமாகச் சொல்லுங்கள், அதற்கு அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, இரவில் வாடைக்காற்று ஏறி, கரையோரம் கட்டிக் கிடந்த படகெல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிறது என்று வையுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், பக்கத்துப் படகுக்காரர் உங்கள் வல்லத்தையும் சேர்த்து இழுத்துக் கட்டியிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டியது கிட்டத்தட்ட இப்படி:

"அண்ணே, ராத்திரி காத்து ஏறுனப்ப எங்க வல்லத்தையும் சேர்த்துக் கட்டிருக்கீங்க. காலையில வந்து பாத்தேன், கயிறு உரசுற எடத்துல பழைய சாக்கைச் சுத்தி விட்டிருந்தீங்க. உங்க படகுக்கே அதைச் செய்ய நேரம் இருந்திருக்காதே அண்ணே."

அந்தச் சாக்குதான் விஷயம். கயிறு கட்டியதை யாரும் பார்த்துவிடலாம், சாக்கு சுற்றியதைப் பார்த்தவர் நின்று பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த மாதிரி ஒரு சின்ன விவரத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கூடச் சொல்லலாம்.

இன்னொன்று. "நீங்க இல்லன்னா எனக்கு ஐம்பதாயிரம் நஷ்டமாயிருக்கும்" என்று நம் லாபக்கணக்கையே பேசிக்கொண்டிருக்கக் கூடாது. சாரா ஆல்கோ என்பவர் தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வில், நன்றி சொல்லும்போது தனக்கு என்ன கிடைத்தது என்று பேசுவதைவிட, செய்தவரைப் பாராட்டிப் பேசுவதுதான் கேட்டவருக்கு நல்லதாகப் பட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் கொடுத்தால் அப்பத்தா நன்றி என்றா சொல்லும்? "நல்லா இருப்ப சாமி, ஒனக்குத்தான் கண்ணு தெரியுது" என்று சொல்லும். பேச்சு முழுக்க நம்மைப் பற்றித்தான் இருக்கும், தன் வேலை எவ்வளவு லேசாகிப்போனது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

எந்தச் சொல்லை வைத்துச் சொல்வது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். கீழக்கரைப் பக்கம் "ஜஸாக்கல்லாஹ் கைர் காக்கா" (இறைவன் உங்களுக்கு நற்கூலி தரட்டும் அண்ணே) என்றாலே போதும், மனிதர்களுக்கு நன்றி சொல்லாதவன் இறைவனுக்கும் நன்றி சொல்லாதவன் என்ற நபிமொழியைப் பள்ளிவாசல் பயானில் (சொற்பொழிவில்) கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். தங்கச்சிமடத்தில் ஒருவர் "ஒங்களுக்காகப் பூசையில வேண்டிக்கிட்டேன்க்கா" என்றால் அதுவும் அதேதான். தேங்க்ஸ் என்று சொல்வதுதான் வாய்க்கு வருகிறது என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் சாக்கு விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

எப்போது சொல்வது

"நேரம் கிடைக்கும்போது சொல்லலாம்" என்று இருந்தால் கிடைக்காது. ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு இதை முடிச்சுப் போட்டு வையுங்கள். கடலுக்குப் போக டோக்கன் வாங்கக் காத்திருக்கும் நேரம், வலை கட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் நேரம், ஜும்ஆ முடிந்து வெளியே செருப்புத் தேடும் நேரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் நேரம். விசைப்படகுக்காரர்களுக்கு வாரத்தில் கடலுக்குப் போகாத நாட்கள் இருக்கின்றன, அதில் ஒரு மாலையை வைத்துக்கொள்ளலாம். ஏலம் நடக்கிற நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள். கூடை விலை பேசிக்கொண்டிருப்பவர் காதில் எதுவும் ஏறாது, தள்ளிப் போ என்று சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிது.

புதிதாகத் தொடங்க நல்ல பருவம் எது என்று கேட்டால், மீன்பிடித் தடைக்காலம் என்பேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் இறங்காது. படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பதும் வலையைச் சரிபார்ப்பதுமாக எல்லோரும் கரையிலேயே கிடப்பார்கள், பேச ஆள் கிடைக்கும். கையில் காசு ஓட்டம் இல்லாத காலம் என்பதால் ஒருவருக்கொருவர் ஒத்தாசையும் அப்போதுதான் கூடுதலாக நடக்கும். லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆகிறது என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம் இருந்தது, ஆகவே 66 என்பதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இருந்தாலும் தடைக்காலம் முடிகிறபோது பழக்கம் பாதியாவது கைக்கு வந்திருக்கும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் கெட்டுப்போய்விடாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலத்தில் லீவு கிடையாது, அவர்கள் தங்களுக்குத் தோதான பருவத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எழுதி வைத்த காலண்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சொல்லி முடித்தபிறகு தூக்கிப் போடலாம். பையில் தாள் சேர்ந்துகொண்டே போனால் எத்தனை பேருக்குச் சொல்லாமல் இருக்கிறோம் என்று கையே காட்டிக்கொடுத்துவிடும். சட்டையைத் துவைக்கப் போடும்போது மட்டும் கவனம்.

வீட்டுக்குள்

வாரம் மூன்று நான்கு போனபிறகு வீட்டுக்கு வாருங்கள். விடிகாலை மூன்று மணிக்கு வல்லம் இறங்க வேண்டுமென்றால் இரண்டு மணிக்கே அடுப்பு எரிந்தாக வேண்டும், அதை எரிப்பவள் அதற்கு முன்பே எழுந்தாக வேண்டும். இது இருபது வருஷமாக நடக்கிறது, யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. திடீரென்று ஒருநாள் "இத்தனை வருசமா எனக்காக எவ்வளவு செஞ்சிருக்க" என்று தொடங்கினால், என்ன ஆயிற்றோ என்று பயந்துதான் போவார்கள். இருபது வருஷத்தை எடுக்காதீர்கள், நேற்றை மட்டும் எடுங்கள்.

"நேத்து தூக்குச்சட்டியில ஊறுகாயைத் தனியா எலையில மடிச்சு வச்சிருந்தியே, மத்தியானம் வரைக்கும் சோறு நசநசன்னு ஆகாம இருந்துச்சு. நல்ல யோசனை."

"ஏன், இன்னைக்கு என்ன ஆச்சு?" என்றுதான் பதில் வரும். "ஒண்ணுமில்ல, சொல்லணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அழுத்தக் கூடாது. அடுத்த வாரம் இன்னொரு நேற்று கிடைக்கும். இந்த மடித்த ஊறுகாயைப் போல ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும், மீன் வாங்கி வந்தால் முகம் சுளிக்காமல் இரவு பத்து மணிக்கும் ஆய்ந்து கொடுக்கிற மாமியார், அண்ணனின் செல்போனுக்குத் தன் காசில் ரீசார்ஜ் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருக்கிற தங்கச்சி.

மனைவிமார்கள் கணவனுக்குச் சொல்வதும் இதே வழிதான். வீட்டுக்கு வந்ததும் செலவுப் பணத்தை எண்ணாமல் கையில் கொடுத்துவிடுகிற மனுஷன் என்றால், எத்தனை வீட்டில் அது நடப்பதில்லை என்பது தெரியும்தானே, அதை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லலாம்.

அப்பா விஷயம் தனி. நம் அப்பாமார்களுக்கு நேராக நின்று நன்றி சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அவர்களிடம் கேள்வியாகக் கேளுங்கள். "அப்பா, நான் பன்னெண்டாவது முடிச்ச வருசம் தொழிலே இல்லையே, காலேஜ் ஃபீசுக்கு யாருகிட்ட போய் நின்னீங்க?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசத் தொடங்குவார், யாரிடம் போனார், யார் கொடுக்கவில்லை, எந்த வலையை விற்றார் என்று வரும். முழுக்கக் கேளுங்கள். நடுவில் நன்றி என்ற சொல்லே வரத் தேவையில்லை. நீங்கள் அதை மறக்கவில்லை என்பது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பெயரும் காரியமும் சேர்த்துச் சொல்வதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், குடியரசுத் தலைவரானபிறகும் தன் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தார் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை, பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, அதோடு விடாமல் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நிஜப் பறவையைக் காட்டியதைச் சொன்னார். சென்னையில் பொறியியல் படிக்கச் சேர்வதற்குப் பணம் இல்லாதபோது அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததையும் அப்படித்தான், இன்ன நகை என்பது உட்பட, ஊரறியப் பதிவு செய்தார்.

கையில் எதைக் கொண்டுபோவது

நம் பக்கத்தில் வாய்க்கு முன்னால் பாத்திரம் பேசும். பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்த தூக்கை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது, கொஞ்சம் முறுக்கோ நாலு பழமோ போட்டுத்தான் போகும், கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டுக்கும் பொங்கல் கிண்ணத்துக்கும் அதே சட்டம். கரைவலை இழுக்கும்போது கூடக் கை கொடுத்தவருக்குக் கறிக்கு மீன் போகும். இந்த வழக்கத்தை விட வேண்டாம், அதன்மேல் ஒரு வரியைச் சேருங்கள், அவ்வளவுதான். மீனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்னப் பையனிடம் "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்ததுக்கு அப்பா குடுக்கச் சொன்னாருன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் நகரை மலிந்து கிடக்கிறது, அதனால் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அளவு முக்கியம். வாங்கிய உதவிக்குச் சரிக்குச் சரி விலை போட்டுக் கொடுத்தால் அது கடனைத் தீர்த்த மாதிரி ஆகிவிடும், எதிராளிக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும். இரவில் பிரசவத்துக்கு ஆட்டோ ஓட்டியவரிடம் மறுநாள் ஆயிரம் ரூபாயை நீட்டினால் முகம் மாறிவிடும். ஓட்டின கூலியைக் கேட்டுக் கொடுத்துவிட்டு, குழந்தையைப் பார்க்க வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

கூலி என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருவாடு காயப்போடுகிறவர்கள், சங்காயம் என்னும் கழிவு மீனைப் பிரிக்கிறவர்கள், இறால் உரிக்கிறவர்கள், இவர்களுக்கு முதலில் பேசின கூலியைப் பேசின நாளில் கொடுங்கள். கூலியில் பிடித்துக்கொண்டு "நீங்கல்லாம் நம்ம குடும்பம் மாதிரி, ரொம்ப நன்றிம்மா" என்று பேசுகிறவரைப் பற்றி அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகும் வழியில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது.

தூரத்தில் இருப்பவர்களுக்கு

வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் என்று இந்தக் கரையோரத்தில் ஆள் போகாத தெரு குறைவு. அங்கே இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்ட நன்றி வாசகத்தை அனுப்பினால் அதுவும் நூறு படத்தோடு நூற்றியோராவது படமாகக் கிடக்கும். குரல் பதிவு அனுப்புங்கள், ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கொடுத்த பணம் இங்கே என்னவாக ஆகியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்: "மச்சான், நீ அனுப்புன காசுல கெணத்து மோட்டாரை மாத்திட்டோம், அம்மா இப்ப தள்ளுவண்டியில கொடத்தை அடுக்கிட்டு அலையறதில்ல." பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தமும் விழுந்தால் ரொம்ப நல்லது.

பெரிய கடன் பட்டவர் யாராவது இருந்தால், பள்ளிக்கூட வாத்தியார், முதன்முதலில் படகில் ஏற்றிக்கொண்டவர், அவருக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதி, எடுத்துக்கொண்டு நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் இதைச் சோதித்தார்கள். எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு ஒரு மாதம் வரைக்கும் மனசு தெளிவாக இருந்திருக்கிறது, அப்புறம் மெல்ல பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள். அதனால் இது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை செய்ய வேண்டிய காரியம், வாராந்திரப் பழக்கத்துக்கு மாற்று ஆகாது. நம் ஆட்களுக்கு எதிரே உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசிப்பது நாடகம் மாதிரி இருக்கும் என்று தோன்றினால், கடிதத்தைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கிற நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

கூட்டத்தில் கடைசியில் நிற்பவர்

இலங்கைச் சிறையிலிருந்து விடுதலையாகி ஆட்கள் ஊர் திரும்புகிற நாளைப் பார்த்திருப்பீர்கள். மாலையும் சால்வையும் முன்னால் நிற்கிறவர்களுக்குப் போகும். மாதக்கணக்காக மனு எழுதிக் கொடுத்துக்கொண்டு, ஆதார் நகலும் படகுப் பதிவு நகலும் எடுத்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக அந்த வீட்டுப் பெண்களோடு அலைந்த பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளை கூட்டத்தின் பின்னால் நிற்கும். அந்தப் பிள்ளையிடம் போங்கள். எந்தக் காரியத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், கல்யாணத்தில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றியவர், இழவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி தேடி இறக்கியவர். அவரைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், பேருந்து நடத்துநர், ரேஷன் கடை ஊழியர் மாதிரி ஆட்களில் ஒருவர் மெனக்கெட்டு நல்லது செய்தால், அவரிடம் சொல்வதோடு மேலே இருப்பவருக்கும் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். புகார் மட்டுமே வந்து விழுகிற மேஜைமேல் அது தனியாகத் தெரியும்.

எதிராளி நெளிந்தால்

"இதெல்லாம் எதுக்குப்பா", "என்னடா புதுசா இருக்கு, கடன் கிடன் கேட்கப்போறியா?" இந்த இரண்டும் கட்டாயம் வரும். இரண்டாவது கேள்வி வருவதற்குக் காரணம் உண்டு, நம் ஊரில் இனிப்பாகப் பேச்சைத் தொடங்குகிற ஆள் முடிவில் ஏதாவது கேட்பான் என்பது அனுபவம். ஆகவே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: நன்றி சொன்ன நாளில் அவரிடம் எதையும் கேட்கக் கூடாது, ஒரு ஸ்பானர்கூட இரவல் கேட்கக் கூடாது. இரண்டு மூன்று தடவை இப்படிப் போனால் சந்தேகம் தானாகப் போய்விடும். பலர் முன்னால் சொன்னால் சிலர் நெளிவார்கள், தனியாகச் சொல்லுங்கள். ரகசியமாகப் பணம் கொடுத்து உதவியவரைப் பற்றி டீக்கடையில் புகழ்ந்து பேசினால் மறுநாள் அவர் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள், அந்த உபகாரத்தை அவருக்குச் செய்ய வேண்டாம். பிற வீட்டுப் பெண்களுக்கு ஆண்கள் சொல்வதானால் வீட்டுக்காரியோடு போய்ச் சொல்வது இன்றைக்கும் நம் பக்கத்தில் வசதி.

உங்களுக்கு யாராவது நன்றி சொல்ல வந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முதல் வார்த்தையிலேயே வெட்டிவிடாதீர்கள். அந்த ஆள் எத்தனை நாள் யோசித்து வந்திருக்கிறாரோ, முடிக்க விடுங்கள், அப்புறம் ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொல்ல வேண்டாத இடங்கள்

சட்டப்படி நமக்கு வர வேண்டிய தடைக்கால நிவாரணத்தைக் கொடுத்ததற்காக யாருக்கும் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. அந்த மேஜையில் ஒருவர் மரியாதையாக நடத்தி, விட்டுப்போன தாளைத் தானே பார்த்துச் சொல்லியிருந்தால் அந்த மரியாதைக்குச் சொல்லலாம். காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவருக்குச் சொல்லவே வேண்டாம். செய்த உதவியை நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறவருக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லி முடித்துவிடுங்கள், ஒவ்வொரு தடவை அவர் நினைவுபடுத்தும்போதும் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கு முடிவே இருக்காது.

ரொம்ப நாள் ஆகிவிட்டதே என்றால்

தாமதமாகிவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். "பத்து வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும் மாமா" என்று தொடங்கினால் போதும், தாமதத்துக்குக் காரணம் சொல்லி நீட்ட வேண்டாம். அவர் இறந்துபோயிருந்தால் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள். தங்கள் அப்பா வெளியே யாருக்கு என்ன செய்தார் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது, உட்காரவைத்துக் கேட்பார்கள். போவதற்கு முன்னால் வீட்டை மட்டும் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள், பட்டப்பெயரோடு சேர்த்துக் கேளுங்கள், இந்தக் கரையில் ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.